ஓநாயின் இரையும் இடையரின் இழப்பும்

2024ஆம் ஆண்டில் ஓநாய் மூன்று கண்டங்களில் அரசுகளின் கவலையாயிற்று. உத்தரப் பிரதேசத்தின் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை குறைந்தது எட்டுப் பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஓநாய்களுக்குப் பலியானார்கள். வனத்துறையினர் டிரோன்களோடு கரும்புத் தோட்டங்களில் தேடி அலைந்தார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மக்கள் வாக்கெடுப்பின்படி 2023 டிசம்பரில் கொண்டுவந்து விடப்பட்ட பத்து ஓநாய்களில் சில, சில மாதங்களிலேயே கன்றுகளைக் கொல்லத் தொடங்கின. ஒரு ஓநாய்க் குடும்பத்தையே திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஐரோப்பாவில், ஓநாய்க்குக் கடும் பாதுகாப்பு அளித்துவந்த பெர்ன் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் டிசம்பரில் கூடி அதை ஒரு படி குறைக்க வாக்களித்தன.

மூன்று இடங்களிலும் எழுந்த கேள்விகள் இரண்டுதான். ஓநாய் நிலத்துக்கு என்ன செய்கிறது? அதனோடு சேர்ந்து வாழ்வதற்கான விலையை யார் கொடுப்பது? முதல் கேள்விக்கு விடை தேடி ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக உழைத்து வருகிறார்கள். இரண்டாவதற்கான விடை ஊரறிந்தது: ஆடு மாடு மேய்ப்பவர்கள்தாம். அந்த விலையில் மற்றவர்களும் பங்கெடுக்காத வரை ஓநாயைக் காக்கும் எந்தச் சட்டமும் நிலைக்காது என்பதையே இதுவரை கிடைத்துள்ள ஆய்வுகளும் அனுபவங்களும் காட்டுகின்றன.

அழிப்பின் வரலாறு

மனிதனை விட்டுவிட்டால், உலகில் மிகப் பரந்து வாழ்ந்த நிலப் பாலூட்டிகளில் ஒன்று சாம்பல் ஓநாய். ஆர்க்டிக் பனிவெளி முதல் அரேபியப் பாலைவனம் வரை, மேற்கு ஐரோப்பா முதல் தக்காணம் வரை அது பரவியிருந்தது. கூட்டமாகத் திரிகிறது என்று நாம் சொல்லும் அந்தக் கூட்டம் உண்மையில் ஒரு குடும்பம்: ஓர் இணையும் அது ஈன்ற குட்டிகளும். சண்டையிட்டுத் தலைமையைப் பிடிக்கும் ‘ஆல்ஃபா’ ஓநாய் என்ற கருத்து, அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து உருவானது. அதைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக், காட்டில் பல ஆண்டுகள் கவனித்தபின் 1999இல் அதைத் திருத்தி எழுதினார்.

மனிதர்கள் ஓநாயை அழித்த கதை எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒரே வரிசையில் நடந்தது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் முதலில் காட்டெருமைகளும் மான்களும் கொன்று தீர்க்கப்பட்டன. அந்தப் புல்வெளிகளில் கால்நடைகள் வந்தன. இரையிழந்த ஓநாய் கால்நடைமேல் பாய்ந்தது. அதன் தலைக்கு விலை வைக்கப்பட்டது. நம்மூர் எட்டிக் கொட்டையிலிருந்து எடுக்கும் ஸ்ட்ரிக்னைன் நஞ்சை இறைச்சியில் கலந்து மேய்ச்சல் நிலமெங்கும் வைத்தார்கள். 1915 முதல் கூட்டரசே சம்பளத்துக்கு வேட்டையாட்களை அமர்த்தியது. 1872இல் அமைக்கப்பட்ட யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள்ளும் காவலர்களே ஓநாய்களைக் கொன்றார்கள். 1926இல் அங்கு எஞ்சியிருந்தவையும் ஒழிக்கப்பட்டன. 1960களில், அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவில் மின்னசோட்டாவின் வடகிழக்கு மூலையிலும் சுப்பீரியர் ஏரியின் ஒரு தீவிலும் மட்டுமே நிலையான ஓநாய்க் கூட்டங்கள் மிஞ்சின.

இந்தியாவிலும் ஆங்கிலேய அரசு இதே வழியைப் பின்பற்றியது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் இரண்டு லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிடுகிறார். அதே காலத்தில் கொல்லப்பட்ட புலிகள் 80,000.

யெல்லோஸ்டோன்: ஒரு கதையும் அதன் சோதனையும்

ஓநாய் போனபின் யெல்லோஸ்டோனில் எல்க் மான்கள் பெருகின. பூங்கா நிர்வாகமே 1968 வரை அவற்றைச் சுட்டும் பிடித்தும் குறைத்துவந்தது. அது நின்றதும் எண்ணிக்கை மேலும் ஏறியது. ஆற்றோர வில்லோ மரங்களும் ஆஸ்பென் மரங்களும் குருத்திலேயே மேயப்பட்டு வளர வழியின்றிப் போயின. வில்லோவை நம்பி அணை கட்டி வாழும் பீவர்கள் பூங்காவின் வடபகுதியிலிருந்து ஏறக்குறைய மறைந்தன. 1995இலும் 1996இலும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டபோது, அறுந்துபோன இந்தச் சங்கிலி மீண்டும் இணையும் என்று சூழலியலாளர்கள் எதிர்பார்த்தார்கள்.

எல்க் மான்கள் குறைந்தன. 1994இல் சுமார் 19,000 ஆக இருந்த வடபகுதி மந்தை, 2013இல் 4,000க்கும் கீழே வந்தது. சில இடங்களில் வில்லோவும் ஆஸ்பெனும் தலைதூக்கின. பீவர்கள் திரும்பின. இதிலிருந்து பிறந்த கதை உலகைச் சுற்றியது: ஓநாய் மானை விரட்டியது, மரம் வளர்ந்தது, கரை உறுதிப்பட்டது, ஆறே தன் போக்கை மாற்றிக்கொண்டது. இணையத்தில் கோடிக்கணக்கானோர் பார்த்த காணொளியும் இதையே சொன்னது.

கதையின் ஒவ்வொரு கண்ணியையும் பின்னர் சோதித்துப் பார்த்தார்கள். மான்கள் குறைந்ததற்கு ஓநாய் மட்டும் காரணமாக இருக்கவில்லை. அதே காலத்தில் கிரிஸ்லி கரடிகளும் மலைச்சிங்கங்களும் பெருகியிருந்தன; பூங்கா எல்லைக்கு வெளியே மனிதர்கள் வேட்டையாடினார்கள்; கடுங்குளிரும் வறட்சியும் தம் பங்கைச் செய்தன. பீவர்கள் திரும்பியதில், பூங்காவுக்கு வடக்கே வனத்துறை அதற்கு முன்பே நூற்றுக்கும் மேற்பட்ட பீவர்களை விட்டிருந்ததற்குப் பங்கு உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது, 2001இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த ஒரு கள ஆய்வு. சில ஓடைகளில் செயற்கை அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினார்கள். சில இடங்களில் வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்த இடத்தில் வில்லோ நன்றாக வளர்ந்தது. அணையும் வேலியும் இல்லாத இடங்களில், ஓநாய்கள் திரும்பிவந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அது குட்டையாகவே நின்றது.

காரணம் நிலத்தடியில் இருந்தது. பீவர்கள் போனதும் அணைகள் உடைந்தன, ஓடைகள் தரையை அரித்துப் பள்ளத்தில் இறங்கின, நீர்மட்டம் வில்லோவின் வேருக்கு எட்டாமல் தாழ்ந்தது. நீர் இல்லாத மரத்தை ஓநாயால் வளர்க்க முடியாது. உச்ச இரைகொல்லியை எழுபது ஆண்டுகள் அகற்றிவைத்துவிட்டுப் பின்பு கொண்டுவந்து விட்டால் நிலம் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும் என்று எண்ண முடியாது. இந்த ஆய்வு ஓநாயைப் பயனற்றது என்று சொல்லவில்லை. அழித்துவிட்டுப் பின்னர் மீட்பதைவிட இருக்கும்போதே காப்பது எவ்வளவு முக்கியம் என்பதையே அது சொல்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை

ஆற்றின் போக்கை விட்டுவிட்டாலும் ஓநாயின் பணிகள் என்று உறுதியாகச் சொல்லச் சில உண்டு. அது யாரைக் கொல்கிறது என்பது முதலாவது. யெல்லோஸ்டோனில் ஓநாய்கள் வீழ்த்திய பெட்டை எல்க் மான்களின் சராசரி வயது ஏறத்தாழ 14. மனித வேட்டைக்காரர்கள் சுட்டவற்றின் வயது அதில் பாதிதான். இனப்பெருக்கத்தின் உச்சத்தில் உள்ள மான்களை மனிதன் எடுக்கிறான். ஓநாய் கிழடுகளையும் குட்டிகளையும் எடுக்கிறது. ஓநாயின் பெரும்பாலான துரத்தல்கள் தோல்வியில்தான் முடிகின்றன. வலுவான எல்க் மானின் உதை ஓநாயின் உயிரையே வாங்கிவிடும் என்பதால் அது தளர்ந்ததைத் தேடுகிறது.

இரண்டாவது, அது மற்ற உயிர்களுக்கு விட்டுச்செல்லும் உணவு. முன்பு குளிர்காலக் கடைசியில் மான்கள் மொத்தமாகச் செத்து விழும். அப்போதுதான் பிணந்தின்னிகளுக்கு விருந்து. ஓநாய் வந்தபின் குளிர்காலம் முழுக்க இறைச்சி கிடைக்கிறது. அண்டங்காக்கை, கழுகு, கரடி, வண்டுகள் வரை அதில் பங்குபெறுகின்றன. மிதமாகும் குளிர்காலங்களில் தானாகச் சாகும் மான்கள் குறையும் என்பதால் இந்தப் பங்கீட்டின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

மூன்றாவது, மனிதருக்கே கிடைக்கும் பயன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓநாய்கள் குடியேறிய மாவட்டங்களில், மான் குறுக்கே பாய்ந்து நடக்கும் வாகன விபத்துகள் 24 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கண்டது. மான் எண்ணிக்கை குறைந்தது ஒரு காரணம். ஓநாய்கள் சாலைகளை வழித்தடமாகப் பயன்படுத்துவதால் மான்கள் சாலையோரத்தைத் தவிர்த்தது அதைவிடப் பெரிய காரணம்.

ஓநாயின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. சுப்பீரியர் ஏரியின் ஐல் ராயல் தீவில் ஓநாயையும் மூஸ் மானையும் 1958 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 1980இல் 50 ஓநாய்கள் இருந்தன. நாயிடமிருந்து தொற்றிய பார்வோ வைரஸால் இரண்டே ஆண்டுகளில் 14 ஆயின. வெப்பம் கூடியதால் கரையிலிருந்து பனிப்பாலம் அமைவது அரிதாகி, வெளி ரத்தம் கலக்க வழியின்றி இனம் நலிந்தது. கடைசியில் இரண்டே ஓநாய்கள் மிஞ்ச, மூஸ் மான்கள் 2,000ஐத் தொட்டன. 2018–19இல் 19 ஓநாய்களைப் புதிதாகக் கொண்டுவிட வேண்டிவந்தது. மானைக் கட்டுப்படுத்தும் ஓநாயை ஒரு வைரஸ் கட்டுப்படுத்திவிட்டது.

ஆட்டுப் பட்டியின் கணக்கு

இனி மறுபக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 கணக்கின்படி சுமார் 20,300 ஓநாய்கள் உள்ளன. 1970களின் தொடக்கத்தில் நூறு அளவில் இருந்த இத்தாலியின் ஓநாய்கள் இப்போது 3,000க்கும் மேல். ஜெர்மனியில் நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் 2000இல் முதல் குட்டிகள் பிறந்தன. இன்று இருநூறு குடும்பங்கள் அளவில் உள்ளன. கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேறியதும் காடு திரும்பியதும் மான்கள் பெருகியதும் சட்டப் பாதுகாப்பும் சேர்ந்து இதைச் சாதித்தன.

ஒன்றியத்தில் ஆண்டுக்கு 65,500 கால்நடைகளை ஓநாய்கள் கொல்வதாக ஐரோப்பிய ஆணையத்தின் அறிக்கை கூறுகிறது. அதில் நான்கில் மூன்று பங்கு ஆடுகள். மொத்தம் ஆறு கோடி செம்மறியாடுகள் உள்ள இடத்தில் இது 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு. நகரத்தில் இருப்பவர்கள் இந்த எண்ணைச் சுட்டிக்காட்டி, இதற்கா இத்தனை கூச்சல் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நியாயமற்றது. இழப்பு ஆறு கோடி ஆடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒரே இரவில் ஒரே பட்டியில் முப்பது ஆடுகள் போகும்போது, அந்த ஆட்டுக்காரருக்கு இழப்பு விழுக்காட்டில் வருவதில்லை, வாழ்வாதாரமாக வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத இழப்பும் இருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலக் காட்டு மேய்ச்சல் நிலங்களில் நடந்த ஓர் ஆய்வு, ஓநாய் கொன்றதாகக் கண்டெடுக்கப்படும் ஒவ்வொரு கன்றுக்கும் எட்டுக் கன்றுகள் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டது. மற்றவற்றின் உடல் கிடைப்பதே இல்லை. கிடைக்காத உடலுக்கு இழப்பீடும் இல்லை. மொன்டானாவில், ஓநாய் தாக்குதல் உறுதியான பண்ணைகளில் பிழைத்த கன்றுகளும் சராசரியாகப் பத்துக் கிலோ எடை குறைந்திருந்தன. அச்சத்தில் இருக்கும் மாடு சரியாக மேய்வதில்லை. இதோடு ஆட்டுக்காரரின் தூக்கமிழந்த இரவுகளையும் சேர்க்க வேண்டும்.

சுடுவதா, காவல் காப்பதா?

தொல்லை தரும் ஓநாய்களைச் சுட்டால் ஆடுகள் தப்புமா? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு விடை எளிதாக இல்லை. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ஓநாய்களைக் கொன்ற மறு ஆண்டில் கால்நடை இழப்பு கூடியதாகச் சொன்னது. அதே தரவுகளை மீண்டும் அலசிய வேறு ஆய்வாளர்கள் நேர்மாறான முடிவுக்கு வந்தார்கள். வடக்கு ராக்கி மலைப்பகுதியின் பதிவுகளைப் பார்த்த மற்றோர் ஆய்வில், தாக்குதல் நடத்திய குடும்பத்தை ஒன்றும் செய்யாதபோது அடுத்த தாக்குதலுக்கு 19 நாட்களும், சிலவற்றை மட்டும் கொன்றபோது 64 நாட்களும், முழுக் குடும்பத்தையும் அகற்றியபோது 730 நாட்களும் ஆனது. அந்த இடைவெளிக்குப் பின் வேறு ஓநாய்கள் வந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்கின்றன. கண்ணில் படுவதையெல்லாம் சுடும் பொது வேட்டை வேறு விஷயம். 2021 பிப்ரவரியில் விஸ்கான்சின் 119 ஓநாய்களுக்கு அனுமதி அளித்தது. மூன்று நாட்களுக்குள் 218 கொல்லப்பட்டன. ஆடு மாட்டைத் தொடாத ஓநாய்களும் அதில் சேர்ந்தே போயின.

காவல் முறைகள் பழையவை, பயன் தருபவை. இத்தாலியின் அப்ருட்ஸோ மலைகளில் ஓநாய் ஒருபோதும் முழுதாக அழியவில்லை. அங்கு வெள்ளை நிற மரெம்மா காவல்நாய்களை ஆட்டுக்குட்டிகளோடு சேர்த்தே வளர்க்கும் வழக்கமும் அழியவில்லை. ஓநாய் மறைந்த பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் அந்த அறிவும் கூடவே மறைந்தது. ஆட்களை வைத்து மேய்ப்பதும் குறைந்தது. ஓநாய் திரும்பியபோது ஆடுகள் காவலின்றி நின்றன. கயிற்றில் சிவப்புத் துணிகளைக் கட்டித் தொங்கவிடும் கிழக்கு ஐரோப்பிய வேட்டை உத்தி ஓநாயைச் சில வாரங்கள் தடுக்கிறது. பிறகு ஓநாய் அதற்குப் பழகிவிடுகிறது. ஐடஹோவின் உட் ரிவர் பள்ளத்தாக்கில் 2008 முதல் நாய், விளக்கு, ஓசை, இரவுக் காவல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில், அருகிலிருந்த பிற பகுதியைவிட ஆட்டு இழப்பு மூன்றரை மடங்கு குறைந்தது. எந்த முறைக்கும் ஆள் வேண்டும். ஆளுக்குக் கூலி வேண்டும். ஓநாய் திரும்ப வேண்டும் என்று வாக்களிக்கும் நகரத்தார் அந்தக் கூலியில் பங்கேற்பதே முறை.

மனித உயிர்

ஓநாய் மனிதரைக் கொல்வதே இல்லை என்று பாதுகாப்பு ஆர்வலர்கள் சிலர் சொல்வது தவறு. நார்வேயின் இயற்கை ஆய்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட தொகுப்பின்படி, 2002 முதல் 2020 வரை உலகில் பதிவான ஓநாய்த் தாக்குதல்களுக்கு 489 பேர் ஆளானார்கள். 26 பேர் இறந்தார்கள். தாக்கப்பட்டவர்களில் 380 பேரைக் கடித்தவை வெறிநோய் பிடித்த ஓநாய்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சேர்த்து இறந்தவர்கள் இருவர் மட்டுமே.

இந்தியாவின் கணக்கு வேறு. 1996இல் கிழக்கு உத்தரப் பிரதேசத்தின் மூன்று மாவட்டங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஓநாய் தூக்கிச் சென்றது. அதைக் களத்தில் ஆராய்ந்த யாதவேந்திரதேவ் ஜாலாவும் அவருடைய சக ஆய்வாளரும் சுட்டிய காரணங்கள் வறுமையோடு பிணைந்தவை: கதவில்லாத குடிசை, வெளியே படுத்துறங்கும் குழந்தைகள், வயலுக்குப் போகும் தாய், காட்டிரை முற்றாக அற்றுப்போன நிலம். ஆட்டைக் கொட்டிலில் கவனமாகக் காக்கும் ஊரில் குழந்தையைப் பிடிப்பது ஓநாய்க்கு எளிதாகிப் போனது. ஓநாய் வேடமிட்ட மனிதர்களே குழந்தைகளைத் தூக்குகிறார்கள் என்ற வதந்தி பரவி, அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். இத்தகைய இடத்தில், குழந்தையைக் கொன்ற ஓநாயை அடையாளம் கண்டு உடனே அகற்றுவது அரசின் கடமை. அதில் தயக்கத்துக்கு இடமில்லை. தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இன்னொரு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. ஊரார் கண்ணில் படும் எல்லா ஓநாய்களையும் அடித்துக் கொல்வதும் அந்தத் தாமதத்திலிருந்தே தொடங்குகிறது.

காடில்லாத ஓநாய்

இந்தியத் தீபகற்ப ஓநாய்கள் சுமார் 3,100 இருக்கும் என்று 2022இல் ஜாலா குழுவினர் மதிப்பிட்டார்கள். எண்ணிக்கையில் நம் புலிகளுக்கு நெருக்கமாக இருந்தும், புலிக்குக் கிடைத்த கவனத்தில் சிறு பங்கும் இதற்குக் கிடைக்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஓநாய் இருக்கிறது. அது வாழும் நிலம் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களின் புல்வெளி, முட்காடு, மானாவாரி வயல், மேய்ச்சல் புறம்போக்கு இவையே அதன் வீடு. அரசு ஆவணங்களில் அவற்றுக்குப் பெயர் தரிசு. தரிசு என்று எழுதியதும் அது தொழிற்பேட்டைக்கும் சூரிய மின்பூங்காவுக்கும் மரம் நடும் திட்டத்துக்கும் போகிறது. ஓநாய்க்கென்று 1976இல் இன்றைய ஜார்க்கண்டின் மஹுவாடாரில் ஒரு சரணாலயம் அமைந்தது. கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் பங்காபூர் அண்மையில் சேர்ந்தது.

வெளிமானும் சிங்காரா மானும் அருகிவிட்ட இந்த நிலத்தில் ஓநாயின் உணவில் பெரும்பங்கு ஆடுதான். அப்படியென்றால் இந்திய ஓநாயைக் காத்துவருபவர்கள் யார்? தக்காணத்தின் தங்கர், குருபர் போன்ற இடையர் சமூகங்களே. ஓநாய் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்று சொல்லி இழப்பைப் பொறுத்துக்கொள்ளும் இடையர்கள் உண்டு. வளைக்குள் புகை மூட்டிக் குட்டிகளைக் கொல்பவர்களும் உண்டு. ஊர் ஊராகக் கிடை போட்டு நகரும் கீதாரி, ஆடு போன இடத்தில் நின்று, அதிகாரி வந்து பார்த்துச் சான்றளிக்கும்வரை காத்திருக்க முடியாது. அதனால் அரசு ஆணையில் உள்ள இழப்பீடு அவர் கைக்கு வந்து சேர்வதில்லை. இன்னொரு ஆபத்து தெருநாய்களால் வருகிறது. வெறிநோயும் டிஸ்டெம்பரும் அவற்றிடமிருந்து தொற்றுகின்றன. புனே அருகே ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த கலப்பினங்கள் மரபணு ஆய்வில் உறுதியாகியுள்ளன.

மக்களின் ஒப்புதலோடு மாற்றம் வரும் என்பதற்கு லடாக் சான்று. அங்குள்ள சாங்தாங் பகுதியில் உள்நோக்கிச் சாய்ந்த கற்சுவர்களால் கட்டிய ‘ஷாங்தோங்’ என்னும் ஓநாய்ப் பொறிக்குழிகள் ஊர்தோறும் இருந்தன. 2018இல் சுஷுல் ஊரார், பாதுகாப்பு அமைப்புகளோடும் பௌத்தத் துறவிகளோடும் பேசி முடிவெடுத்து, சுவரில் ஒரு பகுதியைத் திறந்து ஓநாய் வெளியேற வழி செய்தார்கள். முன்னோர் கட்டிய குழியை இடிக்காமல், பக்கத்தில் ஒரு ஸ்தூபியை எழுப்பினார்கள். கால்நடைகளுக்கு வலுவான இரவுப் பட்டிகளும் அந்தப் பகுதி ஊர்களில் கட்டப்பட்டு வருகின்றன. இழப்பைச் சுமப்பவர்களிடமே முடிவும் இருந்ததால் இது நிலைத்தது.

செய்ய வேண்டியவை

ஆற்றை மாற்றும் அற்புத விலங்கு என்று சொல்லித்தான் ஓநாயைக் காக்க வேண்டும் என்பதில்லை. அந்தக் கதை சோதனையில் தளரும்போது அதை நம்பிப் பெற்ற ஆதரவும் தளரும். இரையைத் தேர்ந்தெடுப்பது, உணவைப் பகிர்வது, மான்களை அளவில் வைத்திருப்பது ஆகியவற்றில் அதன் பங்கு நிறுவப்பட்டது. அதுவே போதுமான காரணம்.

அடுத்தது கணக்கு. இழப்பீடு விரைவாகவும், கிடைக்காத உடல்களையும் எடைக் குறைவையும் கணக்கில் சேர்த்தும் வழங்கப்பட வேண்டும். இழப்புக்குப் பின் தருவதைவிட, இழக்குமுன் காவல்நாய்க்கும் பட்டிக்கும் ஆள்கூலிக்கும் தருவது மேல். இந்தியாவில் இதற்கு முன்நிபந்தனை ஒன்று இருக்கிறது: புல்வெளியைத் தரிசுப் பட்டியலிலிருந்து நீக்கி, இடையர்களின் மேய்ச்சல் உரிமையைச் சட்டப்படி உறுதி செய்வது. மேய்ச்சல் நிலம் விற்கப்பட்டால் முதலில் போவது இடையர். அவருக்குப் பின் ஓநாய். தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடுவதும், ஓநாய் வாழும் ஊர்களில் ஏழை வீடுகளுக்குக் கதவும் விளக்கும் கழிப்பறையும் தருவதும் ஓநாய்ப் பாதுகாப்பின் பகுதிகளே. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இடையரிடம் கேட்கும் உரிமை, அவருடைய இழப்பில் பங்கெடுக்கும் சமூகத்துக்கு மட்டுமே உண்டு.